ஏசி குளிரவில்லை என்றால் ஹீட்டரையும் பாருங்கள்

மேட்டுப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கோடை வந்தால் உள்ளூர்க்காரர்கள் "ஏசியில கூலிங்கே இல்லீங்ணா" என்று வருவார்கள். மார்கழியில் ஊட்டிக்குப் போகிறவர்கள் "ஹீட்டர் போட்டாலும் சில்லுனுதானுங்க காத்து வருது" என்பார்கள். பழைய வண்டி என்றால் இரண்டு பேருக்குமே நான் முதலில் பார்ப்பது ஹீட்டர் வால்வையும் அதை இழுக்கும் கேபிளையும்தான்.

என்ஜினில் சூடான கூலன்ட் (என்ஜினைக் குளிர வைக்கும் திரவம்), டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டரில் ஓடுகிறது. அதன் வழியாக வரும் காற்றுதான் நமக்குச் சூடாக வருகிறது. பழைய கார்கள் பலவற்றில் நீலம், சிவப்பு போட்ட லீவரைத் தள்ளினால் கேபிள் இழுத்து, ஹீட்டர் கோருக்குக் கூலன்டை விடும் வால்வு திறக்கும், மூடும். சமவெளியில் அந்த லீவரை வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. கூலன்டுக்குப் பதிலாக போர் தண்ணீரையும் ஊற்றிவிட்டால் உப்பு படிந்து, துரு ஏறி, வால்வு பாதி திறந்தபடியே இறுகிவிடும்.

அப்படித்தான் ஒரு பெரியவர் இருபது வருடப் பழைய காருடன் வந்தார். வேறு இடத்தில் இரண்டு முறை கேஸ் ஏற்றியாகிவிட்டது, அடுத்து கம்ப்ரெசரை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். பானெட்டைத் திறந்து, டாஷ்போர்டுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். லீவர் நீலத்தில் இருந்தும் இரண்டுமே கொதித்தன. ஏசி குளிர வைத்த காற்றை ஹீட்டர் கோர் திரும்பச் சூடாக்கிக்கொண்டிருந்தது. கேபிளின் மேலுறையைப் பிடிக்கும் கிளிப் கழன்றிருந்ததால் லீவர் நகர்ந்தும் வால்வு நகரவில்லை. கிளிப்பைப் போட்டு, இறுகிய வால்வையும் மாற்றினோம். கம்ப்ரெசரில் ஒரு கோளாறும் இல்லை. அவர் அதுவரை செலவழித்ததை நினைத்து எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

ஒன்று கவனியுங்கள். சில வண்டிகளில் வால்வே இருக்காது. உள்ளே ஒரு மடல்தான் காற்றைத் திருப்பும். அவற்றில் இரண்டு ஹோஸும் சூடாக இருப்பது இயல்பு. லீவரை நீலத்திலிருந்து சிவப்புக்குத் தள்ளும்போது டாஷ்போர்டுக்குள் மடல் 'டப்' என்று போய் உட்காரும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

வால்வு கெட்டால் பலர் செய்வது, இரண்டு ஹோஸையும் ஒன்றாகச் சேர்த்து ஹீட்டரையே பைபாஸ் செய்வது. ஏசி நன்றாகிவிடும், உண்மைதான். ஆனால் அதே வண்டி ஐப்பசி மழையில் குன்னூர் ஏறும்போது கண்ணாடியில் ஆவி படிந்தால், அதை விரட்ட சூடான காற்று இருக்காது. 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் ஒரு கையால் துணி பிடித்துத் துடைத்துக்கொண்டே ஓட்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கூலன்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவதும் இதே போலத்தான்: மலை ஏறும்போது ஹீட்டர் சூடாக வரும், இறங்கும்போது ஆறிவிடும்.

சூடே வரவில்லை என்றால் முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள். என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் மட்டும் சூடு வந்து, ஐடிலில் போய்விட்டால் பெரும்பாலும் கூலன்ட் குறைவு, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது.

அப்புறம், காருக்குள் இனிப்பான வாசனை வந்து, கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாகப் படிந்து, முன்பக்கக் கார்பெட்டும் ஈரமாக இருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. ஏசி தண்ணீர் என்று விட்டுவிடாதீர்கள். ஏசி தண்ணீருக்கு நிறமும் இருக்காது, பிசுபிசுப்பும் இருக்காது. கூலன்ட் குறையக் குறைய என்ஜின் சூடேறும். அந்த வண்டியைச் சரிசெய்யாமல் மலை ஏற்ற வேண்டாம்.