ஐசி எண்ணுக்குள் 1001

ஜார்ஜ்டவுனில் ஓர் அலுவலகத்தில் நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோனதால், அக்கா மகன் தன் அம்மாவின் ஐசியை, அதாவது மலேசிய அடையாள அட்டையை, புரட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, இது பகா எண்ணா இருக்குமா?"

"இருக்காது" என்றேன், எண்ணைப் பார்க்காமலே.

ஐசி எண்ணின் 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி: ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். அடுத்த 2 பிறந்த மாநிலம். பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. மீதி 4 இலக்கங்களில் கடைசியானது ஆண்களுக்கு ஒற்றைப்படை, பெண்களுக்கு இரட்டைப்படை. ஆகவே எந்தப் பெண்ணின் ஐசி எண்ணும் 2ஆல் வகுபட்டுவிடும். ஆண்களுக்கு வாய்ப்பு உண்டு: 12 இலக்க ஒற்றைப்படை எண்களில் சுமார் 13க்கு ஒன்று பகா எண்.

சரி, ஓர் ஆணின் எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். நிஜ ஆளுடையது வேண்டாம். 13ஆம் மாதம் 32ஆம் தேதி பிறந்த ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 991332-07-5825.

கடைசியில் 25 இருப்பதால் 25ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 54; அதனால் 9ஆலும் வகுபடும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். 7, 11, 13 மூன்றுக்கும் சேர்த்து ஒரே வழி இருப்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். எண்ணை மும்மூன்றாக வெட்டி, வலப்பக்கத்திலிருந்து கழித்தும் கூட்டியும் வாருங்கள்:

825 − 075 + 332 − 991 = 91

91 என்பது 7 × 13. ஆகவே முழு எண்ணும் 7ஆலும் 13ஆலும் வகுபடும், 11ஆல் வகுபடாது.

ஏன் இப்படி? 7 × 11 × 13 = 1001. ஆயிரம் அதைவிட ஒன்று குறைவு. அதனால் 1001ஆல் வகுக்கும்போது ஒவ்வோர் ஆயிரத்தையும் −1 என்று எண்ணிக்கொள்ளலாம். மில்லியன் என்பது ஆயிரம் ஆயிரம். −1ஐ −1ஆல் பெருக்கினால் +1. அடுத்தது மறுபடி −1. குறி மாறி மாறி வருவதன் ரகசியம் அவ்வளவுதான்.

25, 9, 7, 13 எல்லாவற்றாலும் வகுத்த பிறகு மிஞ்சுவது 48416707. இங்கேதான் சுவர். 17லிருந்து 31 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தோம், ஒன்றும் போகவில்லை. இதன் வர்க்கமூலம் 6958ஐத் தாண்டுகிறது. அதுவரை உள்ள ஒவ்வொரு பகா எண்ணையும் முயன்றால்தான் இது பகா எண்ணா இல்லையா என்று கையால் முடிவு சொல்ல முடியும். கணினிக்கு இது ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் இலக்கங்கள் கூடினால் அதுவும் திணறும். ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண்ணை 2020இல்தான் பகா எண்களாக உடைத்தார்கள். ஒரே ஒரு பிராசசர் கோர் அதைச் செய்திருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும். இணையத்தில் நம் ரகசியங்களைப் பூட்டும் ஆர்எஸ்ஏ முறையின் பலமே இப்படி உடைக்கக் கடினமான எண்கள்தான்; அதன் சாவிகளில் இன்று சாதாரணமாக இருப்பது 617 இலக்க எண்.

அவன் 37ஆல் வகுத்துக்கொண்டிருந்தபோது 1091ஐக் கூப்பிட்டார்கள். எங்கள் நம்பர். அது பகா எண்தானா என்று பார்க்க 31 வரை வகுத்தால் போதும் என்று, கவுண்டருக்குப் போகும் வழியில் அவனே சொன்னான்.