பழைய அறுவடை வண்டியைப் பழுது பார்க்க அரசுப் பணம் கிடைக்குமா?

மானியமாகக் கிடைக்காது, கடனாகக் கிடைக்கும். காட்டுமன்னார்கோயில், குமராட்சி, பாகூர் பக்கம் கம்பைன் (நெல்லை அறுத்து, அடித்து, தூற்றித் தரும் அறுவடை வண்டி) வைத்திருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

2014-15 முதல் நடப்பிலுள்ள வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் தனி விவசாயிக்குப் பொதுவாக 40 சதவீதமும், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தார், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மானியம் உண்டு. ஆனால் அது புது இயந்திரத்துக்கு மட்டும். பழைய வண்டிக்கு இன்ஜின் வேலை பார்த்த பில்லுக்கோ, இரண்டாம் கையாக வாங்கிய வண்டிக்கோ அதில் இடமில்லை. மானியத்துக்கு ஒரு உச்சவரம்பும் இருக்கிறது. சதவீதக் கணக்கு, உச்சவரம்பு இரண்டில் எது குறைவோ அதுதான் கைக்கு வரும். டீலர் சொல்லும் விலையில் பாதி வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வண்டியைத் தள்ளிவிட வேண்டாம்.

பழுதுக்கான வழி, வங்கி தரும் விவசாயக் கடன் அட்டையான கிசான் கிரெடிட் கார்டில் இருக்கிறது. அதிகம் பேர் கேட்டு வாங்காத பகுதி இதுதான். கார்டின் வரம்பை நிர்ணயிக்கும்போது, ஏக்கருக்கான பயிர்க் கடன் அளவைச் சாகுபடிப் பரப்பால் பெருக்குவார்கள். அதற்கு மேல் அறுவடைக்குப் பிந்தைய செலவு, வீட்டுச் செலவுக்கென 10 சதவீதமும், பண்ணைச் சொத்துகளின் பழுது, பராமரிப்புக்கென 20 சதவீதமும் சேர்க்க வேண்டும் என்பது விதி. உதாரணத்துக்கு, கடன் அளவு ஏக்கருக்கு ரூ.40,000, பரப்பு 5 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் அடிப்படை ரூ.2,00,000. பழுதுக்கான பங்கு ரூ.40,000. இது சேர்ந்திருக்கிறதா என்று வரம்பு கணக்கிட்ட தாளைக் கிளையில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் புதுப்பிக்கும்போது எழுதிக் கேளுங்கள். 2025 ஜனவரி 1 முதல் ரூ.2 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்கு அடமானம் தேவையில்லை.

அந்த ரூ.40,000-த்தில் இன்ஜின் வேலை முடியாது. முதலில் பார்க்க வேண்டியது கத்தி, டிரம் (கதிரை அடித்து மணியைப் பிரிக்கும் உருளை), சல்லடை, பெல்ட். டிரம்மில் தேய்ந்த ராஸ்ப் பாரை (கதிரைத் தேய்க்கும் இரும்புப் பட்டையை) ஒற்றையாக மாற்றக் கூடாது, எதிரெதிர் ஜோடியாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எடை ஒருபக்கம் இழுத்து டிரம் அதிரும், பேரிங் போய்விடும். இரட்டை வி-பெல்ட் ஓடும் இடத்தில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிதும் பழையதும் சேர்ந்தால் சுமை முழுவதும் புதியதன் மேல் விழும். தூசியை ஊதித் தள்ளும் பிளோயரின் பெல்ட் தளர்ந்தாலோ சல்லடை கிழிந்தாலோ நெல்லோடு தூசி வரும். கொள்முதல் நிலையத் தர விதிப்படி வைக்கோல், சருகு போன்ற கலப்பு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டிரம் வேகம் கூடினால் மணி உடையும், டிரம்முக்கும் அதன் கீழுள்ள வளைந்த கம்பித் தட்டுக்கும் (கான்கேவ்) இடைவெளி கூடினால் கதிரிலேயே மணி தங்கும். சம்பா அறுப்பு தொடங்குவதற்கு முன், மழை மாதங்களிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது.

இன்ஜினையே மாற்றுவதானால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். பதிவு செய்த வண்டியில் வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதி பெற்று மாற்ற வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) புது இன்ஜின் எண்ணை ஏற்ற வேண்டும். வண்டி மேல் கடன் நிலுவை இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதம் முதலில் வாங்குங்கள். ஆர்.சி.யில் ஒரு எண், வண்டியில் வேறு எண் என்றால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கிளெய்ம் சிக்கிக்கொள்ளும்.

பெல்ட் டைப் வண்டியில் (சக்கரத்துக்குப் பதில் ரப்பர் டிராக்கில் ஓடுவது) ஹைட்ராலிக் எண்ணெய் சூடானதும் சேற்றில் இழுவை விழுகிறது, ரப்பர் டிராக்கில் உள்கம்பி தெரிகிறது, இன்ஜினும் புகை தள்ளுகிறது என்றால் மூன்று பெரிய செலவும் ஒன்றாக வருகின்றன. அப்போதுதான் புது வண்டியை யோசிக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் அறுவடை இயந்திரத்துக்கான ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. அதற்கு முந்தைய விலைப்புள்ளி கையில் இருந்தால் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். மானியத்தில் வாங்குவதானால் வேளாண் பொறியியல் துறையின் ஒப்புதல் ஆணை வரும் முன் பணம் கட்டி வண்டியை எடுக்க வேண்டாம்.