வயிற்றுக்குள் போட்ட தையல் எங்கே போகிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எங்கள் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் ஆனது. பன்னிரண்டாம் நாள் தோலில் இருந்த தையலைப் பிரித்தார்கள். உள்ளே போட்ட தையலை எப்போது பிரிப்பார்கள்?”

பிரிக்கவே மாட்டார்கள். அது தானாகக் கரைந்துவிடும்.

மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, ரத்தக் குழாய்களைக் கட்டி, சினைப்பைகளையும் கருப்பையையும் எடுப்பது வரை பலருக்கும் தெரியும். அப்புறம் மூடும்போது, இரு பக்கத் தசைகளும் நடுவில் சேரும் வெள்ளை நார்க்கோட்டை முதலில் தைப்பார்கள். தோலுக்குப் பெரும்பாலும் நைலான். உள்ளே போவது பல நேரம் ஊதா நூல். ரத்தத்துக்கு நடுவிலும் கண்ணுக்குத் தெரியத்தான் அந்தச் சாயம்.

முன்பெல்லாம் ஆட்டுக் குடலிலும் மாட்டுக் குடலிலும் செய்த கேட்கட் நூல்தான். அது புரதம் என்பதால் வெள்ளணுக்கள் நொதிகளால் செரித்துவிடும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. புண்ணில் கிருமி சேர்ந்தால் வெள்ளணுக்கள் குவியும், நூலும் சீக்கிரம் இற்றுப்போகும். தையல் தாங்கியே ஆகவேண்டிய நேரத்தில் கைவிட்டுவிடும்.

இன்றைய செயற்கை நூலுக்கு நொதி வேண்டாம், தண்ணீர் போதும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. கிளைகாலிக் அமிலத் துண்டுகளை எஸ்டர் என்ற வேதிப் பிணைப்புகளால் கோத்த நீண்ட சங்கிலிகள்தான் அந்த நூல். திசுவில் இருக்கும் நீர் உள்ளே ஊறி, ஒவ்வொரு பிணைப்பாக வெட்டுகிறது. பார்வைக்கு நூல் முழுசாகவே இருக்கும். ஆனால் பலம் குறைந்துகொண்டே வரும். துண்டுகள் மிகச் சிறிதான பிறகுதான் நூலின் உருவமே கரையும். மிஞ்சும் அமிலத்தை உடம்பு மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேற்றிவிடுகிறது.

சங்கிலியில் எதைக் கோக்கிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பாலிகிளாக்டின் 910 என்ற நூல் இரண்டு மூன்று வாரம் பிடித்து நிற்கும், 56 முதல் 70 நாளில் கரையும். பாலிடயாக்சனோன் என்ற இன்னொரு நூல் கரைய ஆறு மாதம் ஆகும். மாங்கொட்டையை விழுங்கிய நாயின் குடலைத் தைத்தால் அது சீக்கிரம் கூடிவிடும். நார்க்கோட்டில் ரத்த ஓட்டம் குறைவு, அது மெதுவாகத்தான் கூடும்; அதனால் அங்கே நீண்ட நாள் தாங்கும் நூல் வேண்டும்.

காற்றின் ஈரம்கூட இந்த நூலை அரிக்கும். அதனால்தான் ஈரம் புகாத உறையில் வருகிறது. உறையைப் பிரித்த பின் மிஞ்சும் நூலை நாளைக்கு வைத்திருக்கக் கூடாது. தெருநாய்களுக்குத் தோலையும் கரையும் நூலால் உள்ளுக்குள்ளேயே தைப்பது நல்லது. விட்ட நாயை மறுபடி பிடித்து யார் தையல் பிரிப்பது? உள்ளாட்சிகள் கருத்தடைக்கு நிதி ஒதுக்கும்போது தலைக்கணக்கு மட்டும் பார்க்காமல் நல்ல நூலுக்கும் பணம் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, வாசகிக்கு ஒன்று. தழும்புக்கு அடியில் சின்ன முடிச்சு தட்டுப்பட்டால் பயப்படாதீர்கள், கரைய நாளாகும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூச வேண்டாம். நாய் நக்கி நக்கியே புண்ணாக்கிவிடும். அந்த இடம் வீங்கிச் சுட்டாலோ, நீர் கசிந்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.