பழைய செங்கல் சுவருக்குக் கெட்டிக் கலவை எதற்கு?

இன்னொரு தோட்டச் சுவரும் போய்விட்டது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர், நல்ல செங்கல், வரி தப்பாமல் கட்டியிருக்கிறார்கள். சில மழைக்காலங்களுக்கு முன்னால் யாரோ வந்து இடுக்குகளைச் சுரண்டி, சிமெண்ட் கலவையை அழுத்தி அடைத்து, பார்க்கப் பளிச்சென்று முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது போய்ப் பார்த்தால் அந்தச் சிமெண்ட் கோடு கோடாக அப்படியே நிற்கிறது, நடுவில் இருந்த செங்கலைத்தான் காணோம். முகம் பொரிந்து, பொடியாகி, விரல் நுழையும் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. வீட்டுக்காரர் கேட்கிறார்: "செங்கல் மட்டமான செங்கல் போலிருக்கு, கலவை பாருங்க, எவ்வளவு ஸ்ட்ராங்கா நிக்குது!"

கலவை அப்படி நிற்பதால்தான் ஐயா செங்கல் போனது.

தோட்டத்துத் தளம், படி, சுற்றுச் சுவர் இவற்றைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். புது வேலையைவிடப் பழைய வேலைதான் அதிகம். அதில் பாதி, காலத்தால் கெட்டதைச் சரி செய்வது. மீதி, ஏற்கெனவே ஒருவர் "சரி செய்ததை" மறுபடி சரி செய்வது. இந்த இரண்டாவது வகை வர வர அதிகமாகிக்கொண்டே போகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லோர் மனதிலும் ஆணி அடித்த மாதிரி இருக்கும் எண்ணம், சிமெண்ட் கூடினால் வலு கூடும் என்பது. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று, "இன்னொரு சட்டி சிமெண்ட் சேர்த்துப் போடுங்க, காசு போனாப் போகுது" என்று பெருந்தன்மையாகச் சொல்பவர்கள் நிறைய. கூரைக் கான்கிரீட்டுக்கு அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தலாம். செங்கல் சுவருக்குப் பொருந்தாது. சுவரில் செங்கல்தான் வலுவாக இருக்க வேண்டும், கலவை அதைவிட ஒரு படி மெலிந்தே இருக்க வேண்டும். சுவர் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், அஸ்திவாரம் கொஞ்சம் அசையும். அந்த அசைவை எங்காவது வாங்கிக்கொள்ள வேண்டுமே. மெல்லிய கலவையாக இருந்தால் இடுக்கில் மயிரிழை வெடிப்பு வரும், அதைச் சுரண்டி அடைத்துவிடலாம். கலவை கெட்டியாக இருந்தால் செங்கல் வெடிக்கும், அதை என்ன செய்வீர்கள்?

இதைவிடப் பெரிய விஷயம் ஈரம். தோட்டச் சுவர் இரண்டு பக்கமும் மழையில் நனையும், கீழே மண்ணிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் வெளியேற வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரில் அது இடுக்கு வழியாகப் போய்விடும். காரை மெதுவாகத் தேயும், சில தலைமுறைகள் கழித்து யாராவது புதிதாக அடைப்பார்கள், சுவர் நிற்கும். அந்த இடுக்கைச் சிமெண்ட்டால் இறுக்கி மூடிவிட்டால் ஈரம் எங்கே போகும்? செங்கல் வழியாகத்தான். கூடவே மண்ணின் உப்பையும் கொண்டு வரும். செங்கல் முகத்துக்கு வந்து ஈரம் காய, உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல் தோலைப் பிளந்து தள்ளும். பனி உறையும் ஊர்களில் உப்பே தேவையில்லை, உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து விரிந்தே அந்த வேலையைச் செய்துவிடும். சூளையில் வெந்த அந்தத் தோல்தான் செங்கலின் கவசம். அது போனால் போனதுதான், மேலே எதைப் பூசினாலும் திரும்ப வராது.

"அப்போ பழைய ஆளுங்க சிமெண்ட் இல்லாம எப்படிக் கட்டினாங்க?" என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் "சுண்ணாம்பு நிக்குமா?" என்றும் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான். அதற்கு முன்னால் கட்டிய கோட்டையும் கோயிலும் இன்றும் நிற்கின்றன. உங்கள் தோட்டச் சுவரும் நிற்கும்.

உங்கள் சுவர் எந்த வகை என்று தெரியவில்லை என்றால், யாரும் கை வைக்காத ஒரு மூலையில் ஆணியால் இடுக்கைக் கீறிப் பாருங்கள். வெளுப்பாகப் பொடிந்து கொட்டி, நடுவே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பெரும்பாலும் காரைதான். சாம்பல் நிறத்தில், ஆணி வழுக்கினால் சிமெண்ட். காரைச் சுவருக்கு ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, மூன்று பங்கு நல்ல மணல், அவ்வளவுதான். மழை அதிகம் அடிக்கும் இடமென்றால் ஈரத்திலும் இறுகும் வகைச் சுண்ணாம்பு கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். சிமெண்ட்டில் கட்டிய சுவர் என்றாலும் ஒன்றுக்கு மூன்று கெட்டிக் கலவை வேண்டாம். ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் பெரும்பாலும் போதும். அளவை வாளியால் அளக்கச் சொல்லுங்கள். மண்வெட்டிக் கணக்கு ஒவ்வொரு தடவையும் மாறும், சுவரும் திட்டுத் திட்டாகக் காயும். இன்னொன்று, கலவை வழவழப்பாக வர வேண்டும் என்று பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை ஊற்றும் கெட்ட பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. பார்த்தால் நிறுத்துங்கள், சங்கடப்படாதீர்கள்.

அடைக்கும் முறையிலும் கொலை நடக்கிறது. பழைய காரைமேல் அரைக்கால் அங்குலத்துக்குப் பூசிவிட்டுப் போவார்கள், முதல் வெயிலிலேயே பட்டையாக உதிரும். இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது ஆழம் சுரண்ட வேண்டும், வழக்கமான இடுக்குக்கு அது ஏறக்குறைய முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை வரும். உளியும் சுத்தியலும் வைத்துச் செய்யுங்கள். கிரைண்டரை விட்டால் மெல்லிய இடுக்கில் செங்கல் ஓரத்தையும் சேர்த்து அறுத்துவிடும், அந்தக் காயம் சுவர் உள்ளவரை தெரியும். அப்புறம் தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து, ஈரம் இருக்கும்போதே அடைக்க வேண்டும். செங்கல் முகத்தின்மேல் கலவை ஏறக் கூடாது. அடைத்த பிறகு வெயிலும் காற்றும் நேராகப் படாமல் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள், ஒரு வாரமாவது. சிமெண்ட் போல மறுநாளே இறுகவில்லையே என்று சுண்ணாம்பைக் குத்திக் குத்திப் பார்க்காதீர்கள். அது காற்றை வாங்கி இறுக மாதக்கணக்கில் எடுக்கும்.

வெள்ளையாக உப்புப் பூத்தால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுந்த பொடியைக் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் அடித்தால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். தயவுசெய்து ஆசிட் வேண்டாம், காரைச் சுவரில் ஆசிட் ஊற்றுவது காரையையே கரைப்பது. வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்டும் வேண்டாம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் வெளியே மூடுவது, மேலே சொன்ன சிமெண்ட் கதைதான், டப்பா மட்டும் வேறு. பாசியைப் போக்க அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் மிஷினை வாடகைக்கு எடுத்து வந்து, பாசியோடு இடுக்கில் இருந்த காரையையும் கழுவி விட்டு எனக்குப் போன் செய்பவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சுவரின் தலையைப் பார்த்தீர்களா? உச்சியில் மூடுகல் இல்லாமலோ, இருந்தும் சுவரை ஒட்டியே முடிந்தோ இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலமாவது வெளியே நீட்டி, அடியில் நீர் சொட்ட ஒரு காடி வெட்டியிருந்தால் பாதி நோய் போய்விடும்.

அப்புறம் மண். செடி வைக்க ஆசைப்பட்டு, சும்மா எல்லைக்கு நிற்கும் நாலரை அங்குலச் சுவரின் ஒரு பக்கம் மூன்றடிக்கு மண் கொட்டுகிறார்கள். அந்தச் சுவர் மண்ணைத் தாங்கக் கட்டியதல்ல. ஒரு கன மீட்டர் ஈர மண் இரண்டு டன்னை நெருங்கும். மண் தாங்கும் சுவர் என்றால் கனம் வேறு, அஸ்திவாரம் வேறு, பின்னால் ஜல்லி நிரப்பி, கீழ் வரியில் நாலைந்து அடிக்கு ஒன்றாகத் தண்ணீர் வடியத் துளை விட்டிருக்க வேண்டும். அந்தத் துளையில் அழுக்குத் தண்ணீர் வருகிறது, தளம் கறையாகிறது என்று சிமெண்ட் வைத்து அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள்! வயிறு தள்ளிய சுவரை முட்டுக் கொடுத்து நேராக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அதைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். பிரிக்கும் வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், இதில் விளையாட்டு வேண்டாம்.

தளத்துக்கு வருவோம். கல் அமுங்கினால் அமுங்கிய கல்லைத் தூக்கி அடியில் கலவையைக் கொட்டி மட்டம் பண்ணுவது பழுது இல்லை. அடியில் மண் ஏன் போனது? பெரும்பாலும் திமிசு போட்டு இடித்து இறுக்காத மண், இல்லையென்றால் ஒழுகும் குழாய். நாலு அங்குலத்துக்காவது ஜல்லி பரப்பி இறுக்கி, அதன்மேல் முழுப் பரப்புக்கும் கலவை விரித்துக் கல்லைப் பதிக்க வேண்டும். நாலு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை வைத்துக் கல்லை அமுக்கிவிட்டுப் போகும் வேலை, கட்டையால் தட்டினாலே பொள்ளென்று சொல்லிவிடும். தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம் வீட்டைவிட்டு வெளியே, பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். தளத்தின் மேல்மட்டம், வீட்டுச் சுவரில் ஈரம் தடுக்கப் போட்ட வரிக்கு ஆறு அங்குலம் கீழேயே நிற்க வேண்டும். பழைய தளத்தின்மேலேயே புதுக் கல் ஒட்டி, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, கடைசியில் வீட்டுக்குள் ஈரம் ஏறுகிறது என்று பெயிண்டரைக் கூப்பிடுகிறார்கள். பாவம், பெயிண்டர் என்ன செய்வார்?

இந்த ஒட்டுகிற ஆசையால் அதிகம் ஆபத்தாவது படிகள்தான். ஏற்கெனவே சமமாக இருந்த படிகளின் மேல் ஒரு அங்குலக் கல் பதிக்கிறீர்கள். நடுப் படிகளின் உயரம் மாறாது, சரி. ஆனால் அடிப்படி ஒரு அங்குலம் ஏறிவிடும், மேல் தளத்துக்கும் கல் போடாவிட்டால் உச்சிப் படி ஒரு அங்குலம் குறைந்துவிடும். நம் கால் முதல் இரண்டு படியிலேயே உயரத்தைக் கணக்குப் போட்டுவிடும், கண் பார்ப்பதில்லை. அந்தக் கணக்குத் தப்பும் படியில்தான் விழுகிறார்கள், அதுவும் வயதானவர்கள், அதுவும் இறங்கும்போது. தோட்டப் படிக்கு ஆறு அங்குல உயரமும் பன்னிரண்டு அங்குல மிதியும் சௌகரியம். அதைவிட முக்கியம் எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. மிதிகல் முன்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. வழவழப்பான பாலிஷ் கல் வெளியில் வேண்டவே வேண்டாம். பளபளப்பு வேண்டுமென்றால் வரவேற்பறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்யப் போகிறீர்கள் என்றால், தாராளமாகச் செய்யுங்கள், சுண்ணாம்பு வேலை பொறுமை இருப்பவருக்கு நன்றாக வரும். கையுறையும் கண்ணாடியும் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஈரச் சிமெண்ட்டும் சுண்ணாம்பும் தோலைத் தின்னும், முட்டி போட்டு வேலை செய்யும்போது தெரியாது, சாயங்காலம்தான் எரியும். கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் கழுவிக்கொண்டே இருந்து, அப்புறம் மருத்துவரிடம் போங்கள். கல் அறுக்கும் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது. தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், முகத்தில் என்-95 மாஸ்க் இல்லாமல் நிற்கக் கூடாது. துண்டைக் கட்டிக்கொள்வது ஒன்றுக்கும் உதவாது, எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆள் வைத்துச் செய்வதாக இருந்தால் முதலில் ஒரு மூன்றடி இடத்தில் மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள், முழுசாகக் காய்ந்த பிறகு நிறத்தையும் இறுக்கத்தையும் பார்த்து மீதி வேலையைக் கொடுங்கள். அதற்கு முகம் சுளிப்பவர் வேண்டாம். அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால், அடுத்த நல்ல மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், சுவரின் தலையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, தளத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தப் படியில் தேங்குகிறது என்று போனில் வீடியோ எடுத்து வையுங்கள். வருகிற கொத்தனாரிடம் அதை முதலில் காட்டுங்கள். சிமெண்ட் எத்தனை மூட்டை என்ற பேச்சு அதற்கு அப்புறம் இருக்கட்டும்.