ஈரம் காயும் முன் ஒரு சொட்டு எண்ணெய்

ஆடிக்காற்று தொடங்கிவிட்டால் அம்மாவின் விரல்கள் சொரசொரத்துப் போகும். சுங்குடிச் சேலையை மடித்து வைக்கும்போது விரல்நுனி நூலை இழுக்கும். "கையா இது, தேங்காய்த் துருவி" என்பார். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே இறக்கிவிட்டுத்தான் மதுரைக்கு வருகிறது. வந்த இடத்தில் கொடியில் கிடக்கும் துணியிலிருந்தும் ஈரத்தை எடுக்கும், கையிலிருந்தும் எடுக்கும்.

காற்றை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும் கைதான் அதிகம் வறள்கிறது. பாத்திரம் கழுவுகிறவர்களையும், ஈர வாழைநாரில் மல்லிகை கட்டுகிறவர்களையும் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் பட்டால் ஈரம் ஏறத்தானே வேண்டும்?

தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. செத்த செல்கள்தான் செங்கல். செராமைடு என்ற ஒரு வகைக் கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் கலந்தது சாந்து. (கொலஸ்ட்ரால் என்றதும் பயப்பட வேண்டாம், இங்கே அது நல்ல வேலை பார்க்கிறது.) உள்ளிருக்கும் நீர் ஆவியாகாமல் தடுப்பது இந்தச் சாந்து. செங்கலுக்குள்ளும் நீரைப் பிடித்து வைக்கும் சில பொருட்கள் உண்டு. அவை தண்ணீரில் கரைபவை. கை ஊற ஊற அவை வெளியேறிவிடும். சோப்புக்கோ சட்டியில் ஒட்டிய எண்ணெய் எது, தோலின் கொழுப்பு எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துக் கழுவிவிடும். தோலின் அமிலத்தன்மை பிஎச் 5 வாக்கில் இருக்கும், சாதாரண கட்டி சோப்பு 9, 10 என்று காரமாக இருக்கும். போதாக்குறைக்கு உப்புத் தண்ணீர் வரும் போர்வெல். அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து நுரையைக் கெடுத்து, தோலில் பிசுக்காகப் படிகிறது. நுரை வரவில்லையே என்று நாம் இன்னும் கொஞ்சம் சோப்புப் போட்டுத் தேய்ப்போம். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது என்பதால் இழந்ததை அங்கே சட்டென்று ஈடுகட்டவும் வழியில்லை.

சரி, தேங்காயெண்ணெய்க்கு வருவோம். எண்ணெயில் ஈரம் கிடையாது; ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. செதில்களுக்கு இடையிலுள்ள பிளவுகளை நிரப்பி, இருக்கிற நீர் ஓடிவிடாமல் மூடி போடுவதுதான் அதன் வேலை. காய்ந்து போன கையில் தடவினால் வெறும் பானைக்கு மூடி போட்ட கதைதான். கழுவியதும் லேசாக ஒற்றிவிட்டு, ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று சொட்டுத் தடவ வேண்டும். ஒரு வாரம் இடது கையில் காய்ந்த பிறகும், வலது கையில் ஈரத்தோடும் தடவிப் பார்த்தேன். வித்தியாசத்தை அம்மாவே கண்டுபிடித்துவிட்டார்.

மூடி போடுவதில் வாசலினை எந்தச் சமையலறை எண்ணெயும் மிஞ்சாது. பிசுபிசுப்பு பிடிக்காதவர்கள் ராத்திரி தடவி, பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு படுக்கலாம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

கிளிசரின் வேறு ரகம். அது நீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும். வறண்ட காற்றில் தனியாகப் போட்டால் தோலின் உள்ளிருந்தே நீரை இழுத்து வெளியே விட்டுவிடக்கூடும். அதனால் தண்ணீர் கலந்து தடவி, மேலே எண்ணெயோ வாசலினோ போடுவது நல்லது. சோற்றுக்கற்றாழைச் சோறு பெரும்பாலும் தண்ணீர்தான். குளிர்ச்சியாக இருக்கும், அதற்கும் மேலே ஒரு மூடி வேண்டும்.

எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டாம். வெடிப்பில் எரியும் என்பது ஒரு பக்கம். அதைத் தடவிய கையோடு மதுரை வெயிலில் நடந்தால் கொப்புளம் வரலாம், கருந்திட்டு வாரக்கணக்கில் தங்கலாம். வெடிப்பில் ரத்தம் கசிந்தாலோ அரிப்பு விடாமல் இருந்தாலோ தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அது கரப்பான் என்ற தோல் நோயாகக்கூட இருக்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணம் எண்ணெய் இருக்கிறது. எறும்பு வருகிறது என்பதுதான் அம்மாவின் புதுப் புகார்.