பெரிய ரொட்டித் துண்டுதான் ஆளைக் கொல்லும்: குலாக் பட்டினியோட கணக்கு

ஸ்டாலின் காலத்து சோவியத் நாட்டுல கைதிகளை கட்டாய வேலை வாங்கின குலாக் முகாம்கள்ல பழைய கைதிங்க புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்வாங்க, ஆளைக் கொல்றது சின்ன ரேஷன் இல்ல, பெரிய ரேஷன்தான்னு. கேக்க தலைகீழா இருக்கும், ஆனா கலோரி கணக்கு போட்டா அவங்க சொன்னது அப்படியே சரி.

அங்க எல்லாருக்கும் ஒரே அளவு சாப்பாடு கிடையாது. இவ்ளோ மண்ணு வெட்டணும், இவ்ளோ மரம் அறுக்கணும்னு தினமும் ஒரு அளவு, முடிச்சா முழு ரொட்டி, தாண்டினா கூடுதல், குறைஞ்சா 300 கிராம் மாதிரி தண்டனை ரேஷன். 1920கள்லயே சொலவெத்ஸ்கி தீவு முகாம்ல இது வந்துடுச்சு, அங்க கைதியா போய் அதிகாரியான நஃப்தாலி ஃப்ரெங்கெல் பேரைத்தான் இதுக்கு சொல்வாங்க.

இப்போ அளவைத் தாண்டி உழைச்சு கூடுதலா ஒரு 300 கிராம் கருப்பு ரொட்டி கிடைக்குதுன்னு வைங்க, அதுல சுமாரா 600, 700 கலோரி. கடப்பாரை வேலைக்கு மணிக்கு 400 கலோரி கிட்ட எரியும், அதுவும் சைபீரியாவோட வடகிழக்குக் கோடியில இருக்கிற கோலிமா தங்கச் சுரங்கம் மாதிரி மைனஸ் 50 டிகிரிக்குப் போற இடத்துல உடம்பு சூட்டைக் காப்பாத்தவே தனியா செலவாகும். 300 ரூபா கூடுதல் கூலிக்கு 500 ரூபா பஸ் செலவு பண்ணி போற கதைதான். தினமும் பத்தாம போற கலோரியை உடம்பு தன்கிட்ட இருந்தே எடுக்கும், முதல்ல கொழுப்பு, அப்புறம் தசை, இதயமும் தசைதானே, அதுவும் சுருங்கும். ஆள் சைஸ் பாத்து ரேஷன் தரலங்கிறதால வாட்டசாட்டமான ஆளுங்கதான் சீக்கிரம் விழுந்தாங்க.

உடம்பு தன் செலவையும் குறைக்கும். 1944-45ல அமெரிக்காவோட மின்னசோட்டாவுல ஒரு ஆராய்ச்சிக்காக 36 பேர் தாங்களா முன்வந்து ஆறு மாசம் அரைப்பட்டினி இருந்தாங்க, எடை கால்வாசி போச்சு, சும்மா இருக்கும்போது எரியுற கலோரி சுமார் 40% குறைஞ்சுது, நாடி மெதுவாச்சு, சாப்பாட்டு நினைப்பு தவிர வேற ஒண்ணும் இல்ல. முகாம்ல கால் இழுத்து நடந்தவனை சோம்பேறின்னு அடிச்சாங்களே, அவன் உடம்பு அவனை உயிரோட வெக்கத்தான் அப்படி நடந்துச்சு, இதை நினைச்சா எனக்கு ஆத்திரம் அடங்க மாட்டேங்குது.

காய்கறி இல்லாததால வைட்டமின் சி இல்லாம ஈறு கெட்டு பல் ஆடுற ஸ்கர்வி நோய் வேற. பைன் மாதிரி மரத்தோட ஊசியிலையைக் கொதிக்க வெச்சு கசாயம் குடுத்தாங்க, ஆனா ரொம்ப நேரம் கொதிச்சா அந்த வைட்டமின் அழிஞ்சிடும். பின்னாடி ஸ்புட்னிக் ராக்கெட் செஞ்ச செர்கே கோரோலியவ் 1939ல கோலிமாவுல சில மாசம்தான் இருந்தார், அதுக்குள்ள ஸ்கர்வில நிறைய பல்லு கொட்டிடுச்சு. அங்கிருந்து மாத்தி, கைதி இன்ஜினியர்கள் வேலை செஞ்ச டிசைன் ஆபீஸுக்கு அனுப்பினதாலதான் பிழைச்சார்.

அதிர்ஷ்டம் இருந்தவங்க சமையல், ஆஸ்பத்திரி, தையல்னு கூரைக்கு உள்ள வேலை புடிச்சாங்க. மத்தவங்களுக்கு இருந்த ஒரே வழி பொய்க்கணக்கு, துஃப்தான்னு சொல்வாங்க. எண்ணி முத்திரை குத்தின பழைய மரத்தோட நுனியை லேசா அறுத்துட்டு புது மரம்னு திரும்ப கணக்குல ஏத்துவாங்க, தசையைச் செலவு பண்ணாம ரொட்டி வந்துடும்.