பழைய சுவரை அழகாக விடலாம், வார்னிஷ் மட்டும் வேண்டாம்

பழைய கட்டடத்தை ஓட்டலாக மாற்றுகிறவர்கள் இப்போதெல்லாம் ஆசையாகக் கேட்பது ஒன்று: உரிந்த பெயின்டும் காரையும் தெரிகிற சுவரை "அப்படியே விட்டுடலாம் சார்." எனக்கும் பிடித்த வேலைதான். ஆனால் பூசி மறைக்கிற சுவரைவிட, பார்க்க விடுகிற சுவருக்குத்தான் உழைப்பு அதிகம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஓட்டல் அறையில் கட்டிலின் தலைமாட்டுச் சுவரைச் சுரண்டியபோது வெள்ளை, அதன் கீழே நீலம், அதற்கும் கீழே காவி என்று அடுக்கடுக்காக வந்தது. தூள் உதிரக்கூடாதே என்று உரிமையாளர் அக்ரிலிக் வார்னிஷ் கேட்டார். நானும் அழுத்தி மறுக்கவில்லை. இரண்டு கோட் அடித்தோம், போட்டோவில் பிரமாதமாக இருந்தது. முதல் மழைக்காலத்திலேயே வார்னிஷ் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நீலத்தையும் பெயர்த்துக்கொண்டு தலையணைமேல் விழுந்தது.

காரணம் எளிது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அந்த ஈரத்தில் கரைந்து வரும் உப்பு மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்தால் காய்ந்த பிரஷால் தட்டிவிடலாம். படலம் போட்டு மூடினால் உப்பு அதன் பின்னாலேயே படிகமாகி, காரையை உடைத்துத் தள்ளும். ஓட்டையை சிமென்டால் அடைத்தாலும் ஏறக்குறைய இதே கதைதான். நாங்கள் ஈரத்தின் மூலத்தைத் தேடியது எல்லாம் நடந்த பிறகு. வெளிப்பக்க மழைநீர்க் குழாயின் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது அது.

இப்போது குழாய்களைப் பார்த்தபிறகுதான் சுவரிடமே வருகிறேன். ஒரு மூலையில் ஒரு துளி வினிகர் விட்டால் சுண்ணாம்பு நுரைக்கும், சுத்தமான ஜிப்சம் நுரைக்காது. அப்புறம் விரல் முட்டியால் அங்குலம் அங்குலமாகத் தட்டுவேன். பிடிப்பாக இருக்கும் இடம் மந்தமாக ஒலிக்கும். காரை சுவரை விட்டு விலகிய இடம் காலிப் பானைபோல் ஒலிக்கும். அதைச் சாக்கட்டியால் வட்டமிட்டு, சின்னத் துளை போட்டு, ஆல்கஹால் கலந்த தண்ணீரை ஊசியால் செலுத்தி நனைத்து, பிறகு சலித்து நீர்க்கக் கரைத்த சுண்ணாம்புக் கலவையை ஏற்றுவோம். மெத்தை வைத்த பலகையை அணைத்து முட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்படுகிற கொத்தனாருக்கு இந்த வேலை ஆகாது.

தூள் உதிர்வதற்குச் சுண்ணாம்புத் தெளிநீர் அடிக்கலாம். ஒரு லிட்டரில் சுமார் 1.7 கிராம்தான் கரையும் என்பதால் ஒன்றிரண்டு கோட்டில் சுவர் இறுகாது. பல தடவை அடிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஈயச் சோதனை: பழைய பெயின்டில் நச்சான ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பது. அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயப் பெயின்ட் தடையானதே 1978-ல்தான். முடிவு தெரியும்வரை உப்புத்தாள் படக்கூடாது. ஈயம் இருந்தால், குழந்தைகள் தங்கும் அறையில் அந்த உரிந்த பெயின்டை அழகு என்று விட்டுவைக்க முடியாது.

பலர் எடுத்துக்காட்டுவது பெர்லினின் நோயெஸ் அருங்காட்சியகம். போரில் சிதைந்த அதைப் பழைய காரையை விட்டுவைத்தே சீரமைத்து 2009-ல் திறந்தார்கள். சரி, ஆனால் அங்கே யாரும் சுவரில் சூட்கேஸைச் சாய்ப்பதில்லை, ஈரத் துண்டைத் தொங்கவிடுவதில்லை. ஓட்டலில் கைபடும் உயரத்துக்குமேல்தான் பழைய பரப்பை விடுவேன். ஒட்டுப்போடும் இடத்தின் நிறம் பழையதோடு இணங்கிப் போக வேண்டும், கிட்டப் போய்ப் பார்த்தால் ஒட்டு என்று தெரியவும் வேண்டும். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964-ன் வெனிஸ் சாசனம் சொல்வதும் அதுதான்.

அந்த அறைக்குத் திரும்பிப் போனோம். தலைமாட்டில் மரப்பலகையைச் சுவரை ஒட்டாமல் இடைவெளி விட்டு நிறுத்தினோம். அதற்குமேல் மிஞ்சிய நீலம் இரண்டு கையகலம். அறையைச் சுத்தம் செய்பவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: ஈரத் துணி வேண்டாம், மென்மையான பிரஷ் போதும்.